வகுப்புக்கு முன் ஒரு கிளாஸ்: ஆடப்போகிற உடம்பில் மது என்ன செய்கிறது?

பெரியவர்களாகி நடனம் கற்கத் தொடங்குபவர்களிடம் அடிக்கடி எழும் சந்தேகம் இது: வகுப்புக்குப் போகும் முன் கொஞ்சம் குடித்துவிட்டுப் போகலாமா? இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. "ஒரு கிளாஸ் போட்டால்தான் கூச்சம் விடும், உடம்பு இளகும்" என்பது ஒன்று. "ஒரு சொட்டுகூடக் கூடாது" என்பது இன்னொன்று. முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது, குழப்பமே அதனால்தான். கூச்சம் நிஜமாகவே குறையும். ஆனால் வகுப்புக்கு எதைத் தேடிப் போகிறோமோ, அதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். எப்படி என்று புரிய, முதலில் கொஞ்சம் கணக்கு.

## 'ஒரு கிளாஸ்' என்றால் எவ்வளவு?

கிளாஸ் என்பது அளவே இல்லை. உள்ளே போன சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்பதுதான் அளவு. ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை சுமார் 0.79 கிராம். பானத்தின் மி.லி.யையும் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தையும் இதனுடன் பெருக்கினால் விடை வந்துவிடும்.

1. 5% பீர், 330 மி.லி.: சுமார் 13 கிராம்.
2. 12% ஒயின், 150 மி.லி.: சுமார் 14 கிராம்.
3. 40% விஸ்கி, ரம், வோட்கா எதுவானாலும் 60 மி.லி.: சுமார் 19 கிராம்.
4. 8% ஸ்ட்ராங் பீர், 500 மி.லி.: சுமார் 32 கிராம்.

கடைசி வரியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "பீர்தானே" என்று சொல்லிக் குடித்துவிட்டு வருபவர், கிட்டத்தட்ட 100 மி.லி. விஸ்கி குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்தது, இது ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்பது. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் என்ற விஞ்ஞானி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. குடித்த கிராமை கிலோவில் உள்ள உடல் எடையாலும், உடலில் ஆல்கஹால் பரவக்கூடிய இடத்தைக் குறிக்கும் ஓர் எண்ணாலும் வகுத்து, வருவதை 100-ஆல் பெருக்க வேண்டும். 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது கிடைத்துவிடும். பரவும் இடத்துக்கான எண் ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55. ஆல்கஹால் நீரில் கரைவது, கொழுப்பில் அவ்வளவாகக் கரையாது. பெண்களின் உடலில் நீரின் பங்கு சராசரியாகக் குறைவு என்பதால் இந்த வித்தியாசம்.

60 மி.லி. விஸ்கியையே எடுத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ள ஆணுக்கு, 100 மி.லி. ரத்தத்தில் அதிகபட்சம் சுமார் 37 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 57. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 50 தான். ஆக, ஒரே மேசையில் ஒரே அளவு குடித்துவிட்டு ஒன்றாக வகுப்புக்கு வரும் ஜோடியில், ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழே, மற்றவர் மேலே. இதெல்லாம் சராசரிக் கணக்கு. உங்கள் உடம்பு கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

## நேரம் எப்படிக் கழுத்தறுக்கிறது

குடித்ததில் ஒரு சிறு பங்கு இரைப்பையிலேயே உறிஞ்சப்படும். பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிறாக இருந்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுவிடும். சாப்பிட்டிருந்தால் உச்சம் தள்ளிப்போகும், கொஞ்சம் தாழ்வாகவும் இருக்கும்.

இறங்குவதுதான் மெதுவாக நடக்கும். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு, 100 மி.லி. ரத்தத்தில் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில்தான் குறைக்கும். காபி குடித்தாலும், குளிர்ந்த நீரில் குளித்தாலும், வியர்க்க விறுவிறுக்க ஆடினாலும் இந்த வேகம் சொல்லிக்கொள்ளும்படி மாறாது. மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாக வெளியேறுவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. "ஆடினால் இறங்கிவிடும்" என்ற நம்பிக்கை இங்கே அடிபட்டுப் போகிறது.

ஆறு மணிக்குக் குடிக்கிறீர்கள், ஏழு மணிக்கு வகுப்பு. வார்ம் அப் தொடங்கும்போது ஏறத்தாழ உச்சத்தில் இருப்பீர்கள். வகுப்பு முடிந்து எட்டு மணிக்குக் கிளம்பும்போது, மேலே சொன்ன பெண்ணின் ரத்தத்தில் இன்னும் சுமார் 27 மில்லிகிராம் மிச்சம் இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. அளவு ஏறும்போது ஓர் உற்சாகம் வரும். இறங்கும்போது அது வடிந்து, "இப்போது தெளிந்துவிட்டேன்" என்று தோன்றும். ஆனால் தெளிந்த உணர்வு முன்னால் ஓட, கைகால்களின் ஒத்திசைவும் கவனமும் பின்தங்கித்தான் வரும். "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

## போதைச் சோதனையும் நடன அடியும்

போதையில் வண்டி ஓட்டுகிறாரா என்று சந்தேகம் வந்தால் அமெரிக்கப் போலீசார் சாலையோரத்தில் வைக்கும் சோதனைகளில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் ஒன்பது அடி நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது அடி நடப்பது. இன்னொன்று, ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கி, சுமார் 30 விநாடி எண்ணிக்கொண்டே நிற்பது.

எண்ணிக்கொண்டே நடப்பது, கோட்டில் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது. இதைத்தான் நடன வகுப்பின் முதல் மாதப் பாடம் என்கிறோம்! போதையைக் கண்டுபிடிக்க யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த அசைவுகள் நடன அடிகளை ஒத்திருப்பதற்குக் காரணம் சிறுமூளை. பின்தலையில் இருக்கும் இந்தப் பகுதி எந்தத் தசை எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு இயங்க வேண்டும் என்பதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. மூளையைச் சாந்தப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையை ஆல்கஹால் கூட்டும், தூண்டிவிடும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கும். சிறுமூளையும் அந்த மந்தத்தில் மாட்டிக்கொள்கிறது.

இதைவிடச் சின்ன அளவிலேயே அடிபடுவது ஒன்று இருக்கிறது: இரண்டு வேலையை ஒரே நேரத்தில் கவனிக்கும் திறன். ரத்தத்தில் 20 மில்லிகிராம் அளவிலேயே இது குறையத் தொடங்குகிறது. நகரும் பொருளைக் கண்ணால் பின்தொடர்வதும் அப்படியே. நடன வகுப்பில் ஒரு வேலை மட்டும் செய்கிற தருணமே கிடையாது. ஆசிரியரின் காலைப் பார்க்க வேண்டும், கண்ணாடியில் அது இடம் மாறித் தெரிவதைத் திருப்பிப் புரிந்துகொள்ள வேண்டும், தாளத்தை எண்ண வேண்டும், பக்கத்தில் இருப்பவரை இடிக்காமலும் இருக்க வேண்டும். தள்ளாட்டம் எதுவும் வெளியே தெரியாத அளவிலேயே இந்தக் கோர்வை அறுந்துவிடும். தனியாகச் செய்தால் சரியாக வரும் ஸ்டெப், பாட்டோடு சேரும்போது அரைக் கணம் பிந்தும்.

## சுற்றும்போது காதுக்குள் நடப்பது

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான்.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம். ஒவ்வொரு குழலிலும் அந்தத் திரவத்தின் குறுக்கே ஜெல்லி போன்ற ஒரு சிறு மடல் நிற்கிறது. தலை திரும்பும்போது திரவம் பின்தங்கி மடலை வளைக்கிறது. "தலை சுற்றுகிறது" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. மடலும் திரவமும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் இருப்பதால், தலையைச் சும்மா சாய்த்து வைத்தால் மடல் மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது.

ஆல்கஹால் நீரைவிட லேசானது. அது ரத்தத்திலிருந்து முதலில் மடலுக்குள் நுழைகிறது. திரவத்துக்குள் போக இன்னும் நேரமாகும். இடைப்பட்ட நேரத்தில் மடல் லேசாகி, தலையைச் சாய்த்தாலே மிதந்து வளைகிறது. அசையாமல் படுத்திருப்பவருக்குக் கட்டில் சுற்றுவதுபோல் தெரிவதன் ரகசியம் இதுதான். குடித்த அரை மணி நேரத்தில் இந்தக் கட்டம் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் வரை நீடிக்கும். மாலை வகுப்பு முழுக்க அதற்குள் அடங்கிவிடும். தலையைக் கீழே தாழ்த்தும் அசைவு, பின்னால் வளைவது, தரையில் உருள்வது எல்லாமே இந்த மிதக்கும் மடலோடுதான் நடக்க வேண்டும்.

(அடர்த்திதான் காரணம் என்று எப்படித் தெரியும்? மடல் வளையும்போது கண்ணும் தானாக அசையும். நீரைவிடக் கனமான 'கனநீரை'க் குடிக்கவைத்துப் பார்த்தபோது அந்தக் கண் அசைவு நேரெதிர்த் திசையில் வந்தது. வீட்டில் முயன்று பார்க்கிற மருந்தில்லை இது.)

அப்புறம், கண். சுற்று போடும் நடனக்காரர்கள் கிறுகிறுப்பைச் சமாளிக்க ஒரு வித்தை கற்கிறார்கள். எதிரே ஒரு புள்ளியைப் பார்வையால் பிடித்துக்கொண்டு, உடல் திரும்பினாலும் தலையைக் கடைசிவரை நிறுத்திவைத்து, பிறகு சட்டென்று வெட்டித் திருப்பி அதே புள்ளியை மறுபடி பிடிப்பார்கள். ஸ்பாட்டிங் என்பது இதுதான். இது பலிக்க வேண்டுமானால் கண் அந்தப் புள்ளியில் உடனே போய் ஒட்ட வேண்டும். ஆல்கஹால் முதலில் குலைக்கும் வேலைகளில் இதுவும் சேர்த்தி: பார்வையை ஓரிடத்தில் நிறுத்துவது, உட்காது தூண்டும் கண் அசைவை அடக்குவது. சிறுமூளையும் தடுமாறுகிறது, காதும் தவறான செய்தி அனுப்புகிறது, அதைத் திருத்த வேண்டிய கண்ணும் கைவிடுகிறது. இரண்டு சுற்று போடுபவர் ஒன்றரையில் நிற்கிறார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

## கூச்சம் போவது நிஜம்தானே?

நிஜம்தான். பத்துப் பேருக்கு முன்னால் இடுப்பை அசைக்கச் சொன்னால் கல்லாக இறுகிப்போகும் ஆளுக்கு, முதல் கிளாஸ் ஒரு தளர்வைத் தருகிறது. இதை மறுத்துப் பேசுவதில் பலனில்லை.

நடுக்கத்தை அடக்க மது உதவும் என்பது விளையாட்டு உலகம் அறிந்த சங்கதி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் ஹான்ஸ் குன்னர் லில்யென்வால் மாடர்ன் பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டியில் கைத்துப்பாக்கிச் சுற்றுக்கு முன் பதற்றம் தணிய இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார். ஒலிம்பிக் வரலாற்றில் ஊக்கமருந்து விதியின்கீழ் தகுதி நீக்கப்பட்ட முதல் வீரர் அவர். அணியின் வெண்கலமும் போயிற்று. ஆனால் அவர் செய்யப்போன வேலையைக் கவனியுங்கள்: அசையாமல் நின்று, கையை மட்டும் நீட்டிச் சுடுவது. நடனத்தில் அசையாமல் நிற்பவருக்கு வேலையே இல்லை.

கூச்சம் குறைவதில் ஒரு பங்கு மதுவால் வருவதே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1970-களிலிருந்து உளவியலாளர்கள் ஒரு சோதனை முறையைக் கையாள்கிறார்கள். சிலருக்கு மது என்று சொல்லி வெறும் டானிக் வாட்டரை (கசப்பான ஒரு சோடா) கொடுப்பார்கள், சிலருக்கு டானிக் என்று சொல்லி மதுவைக் கொடுப்பார்கள். பழகும் விதம் சார்ந்த பல மாற்றங்கள், குடித்ததாக நம்பியவர்களிடமே தென்பட்டன. ஒத்திசைவு அப்படி ஏமாறுவதில்லை. அது குலைய நிஜ ஆல்கஹால் உள்ளே போயாக வேண்டும். தைரியத்தில் கொஞ்சம் பாட்டிலின் லேபிளிலிருந்தே வந்துவிடுகிறது, தடுமாற்றம் முழுக்கப் பாட்டிலுக்குள் இருப்பதிலிருந்து வருகிறது.

## கற்றது எங்கே போகிறது?

பார்ட்டியில் ஆடுவதற்கும் வகுப்பில் ஆடுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பார்ட்டியில் தப்பு விட்டால் ஒன்றும் போகாது. வகுப்புக்குக் காசு கொடுத்துப் போவதே தப்பு விட்டு, அதைக் கண்டு, திருத்திக்கொள்ளத்தான். மது இந்தப் பாதையில் மூன்று இடங்களில் குறுக்கே நிற்கிறது.

1. தப்பு உறைப்பதில்லை. தவறு செய்த கணத்தில், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள், மூளையின் முன்பகுதியில் ஒரு மின் அலை எழும். 'அடடா' என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அது. மிதமான அளவு மதுவே அந்த அலையைத் தணிக்கிறது என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னால் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: குடித்தவருக்குத் தப்பு தெரியாமல் இல்லை, தெரிந்தும் அது பெரிதாகப் படுவதில்லை. கூச்சத்தைக் குறைப்பதும் இதே அலட்சியம்தான். கூச்சமும் தப்பைப் பற்றிய கவலையும் ஒரே கயிற்றில் கட்டியவை, ஒன்றை மட்டும் தனியாக அவிழ்க்க மதுவுக்குத் தெரியாது.

2. குடித்துக் கற்றது, குடித்தால்தான் எளிதில் நினைவுக்கு வரும். போதையில் பழகியதை நிதானத்தில் நினைவுகூர்வது கடினம், மறுபடி அதே நிலைக்குப் போனால் ஓரளவு எளிது என்று 1969-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு கிளாஸோடு வரும் மாணவர், ஒரு வாரம் குடிக்காமல் வந்தால் "இன்றைக்கு எதுவுமே வரவில்லை" என்பார். மதுதான் தன்னை ஆடவைக்கிறது என்று முடிவும் கட்டிவிடுவார். பழக்கம் வேரூன்றுவது இப்படித்தான்.

3. தூக்கம் கெடும். உடல் அசைவுகள் மூளையில் பதிவதில் இரவுத் தூக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. மாலையில் போன மது, கனவு வரும் தூக்கக் கட்டத்தை முன்னிரவில் சுருக்கும், பின்னிரவில் அடிக்கடி விழிக்க வைக்கும். சின்ன அளவில் இந்தப் பாதிப்பும் சின்னதாகவே இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

## உடம்புக்கு

பட்டியலாகவே தருகிறேன். பெரும்பாலானவை எல்லோருக்கும் தெரிந்தவை.

1. வலி மழுங்கும். "உடம்பு இளகுகிறது" என்று படுவதில் ஒரு பங்கு, தசை போதும் என்று சொல்வது கேட்காமல் போவதுதான். சுளுக்கு, பிடிப்பு மறுநாள்தான் தெரியவரும்.
2. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைவதால் நீர் அதிகம் வெளியேறும். வியர்வை வேறு. ரத்தக் குழாய்களும் விரிந்திருப்பதால், தரையிலிருந்து வேகமாக எழும்போது கண் இருட்டலாம்.
3. கல்லீரல் ஆல்கஹாலைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது குறையும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்து ஆடினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, தள்ளாட்டம், குழறல் என்று அதன் அறிகுறிகள் போதையைப் போலவே இருப்பதால், சுற்றியிருப்பவர்கள் "குடித்திருக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பட்டியலில் உயிருக்கே உலை வைக்கக்கூடியது இது.
4. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. விளைவு பல மடங்காகலாம்.

## எதிரே நிற்பவரின் பங்கு

தனியாக ஆடும் வகுப்பில் நஷ்டம் உங்களோடு முடிந்துவிடும். சல்சா, டாங்கோ போன்ற ஜோடி நடனங்களில் இன்னொருவர் உடல் எடையை உங்கள் கையில் ஒப்படைக்கிறார். வழிநடத்துபவர் அரைக் கணம் பிந்தினால், பின்தொடர்பவரின் கால் ஏற்கெனவே காற்றில் இருக்கும். இறுக்கிப் பிடிக்கிறோமா, மென்மையாகப் பிடிக்கிறோமா என்ற அளவும் மழுங்கியிருக்கும். தூக்கிச் சுழற்றும் அசைவுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வாசனை விஷயம் சிறியதுபோலத் தெரியும், ஆனால் வகுப்புகளில் சங்கடம் கிளம்புவது பெரும்பாலும் இதிலிருந்துதான். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் நுரையீரல் வழியாக ஒவ்வொரு மூச்சிலும் வெளியே வருகிறது. குடித்திருப்பதை அளக்கும் மூச்சுக் கருவிகள் வேலை செய்வதே இதை வைத்துத்தான். வாயில் மின்ட் போட்டால் வாய்தான் மணக்கும், மூச்சு அப்படியே இருக்கும். ஒரு சாண் தூரத்தில் முகம் வைத்து ஆடும் பார்ட்னருக்கு, நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும். அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அடுத்த பாட்டுக்கு வேறு ஜோடி தேடிக்கொள்வார்.

## குடித்தாகிவிட்டது, வகுப்பும் இருக்கிறது

அலுவலக விருந்தில் ஒரு கிளாஸ் போய்விட்டது, இரண்டு மணி நேரத்தில் வகுப்பு என்றால் எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. மேலே சொன்ன சூத்திரத்தில் உங்கள் எடையைப் போட்டு, மணிக்கு 15 வீதம் கழித்துப் பாருங்கள். மிச்சம் 20-க்கு மேல் வந்தால் அன்றைக்கு உட்கார்ந்து பார்ப்பதே மேல். ஓரத்தில் உட்கார்ந்து தாளத்தை மட்டும் கையால் தட்டிக்கொண்டிருந்தாலும் ஸ்டெப்பின் வரிசை மனதில் ஏறும். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் ஜோடி போடும்போது பார்த்துக்கொள்வார்.

கூச்சம்தான் பிரச்சினை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. பத்து நிமிடம் முன்னதாகப் போய், கூடம் காலியாக இருக்கும்போதே ஒருமுறை ஆடிப் பார்ப்பது. இரண்டாம் வரிசையில், கண்ணாடி நேராகத் தெரியாத இடத்தில் நிற்பது. தொடக்க நிலை வகுப்பையே இரண்டாம் முறை எடுப்பது. நான்கைந்து வாரத்தில் முகங்கள் பழகிவிடும், அப்போது கூச்சம் தானாகக் கரையும். குடிக்கத்தான் வேண்டும் என்றால் வகுப்பு முடிந்த பிறகு, தண்ணீர் குடித்து, சாப்பிட்டுவிட்டு.

அதிலும் ஒரு கணக்கு பாக்கி. இரவு நன்றாகக் குடித்துவிட்டு மறுநாள் காலை வகுப்புக்கு வருபவர், ரத்தத்தில் எல்லாம் இறங்கிவிட்டதே என்று நினைக்கலாம். காதுக்குள் கதை அப்போதுதான் திரும்புகிறது. ஆல்கஹால் மடலைவிட்டு முதலில் வெளியேறும், திரவத்தில் இன்னும் தங்கியிருக்கும். இப்போது மடல் கனம், திரவம் லேசு. இரவில் மிதந்த மடல் காலையில் மூழ்குகிறது, தலைசுற்றலும் எதிர்த் திசையில் வருகிறது. குடித்த ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, ரத்தம் முழுக்கத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் இது நீடிக்கும். மூச்சுக் கருவி பூஜ்யம் காட்டும் அந்தக் காலையில் வகுப்புக்குப் போவதில் தடையில்லை, சுற்றுகளை மட்டும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவையுங்கள்.